வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததை வைத்துச் சாதாரணச் சாப்பாடு சமைப்பதில் அப்படி என்ன சுகம் இருக்கிறது?

ஒருவர் கேட்ட இந்தக் கேள்வியோடு ஒரு கொசுறும் இருந்தது: "கடையில் எல்லாமே கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு?"

நியாயமான சந்தேகம்தான். வழக்கமாக இதற்குச் சொல்லப்படும் இரண்டு பதில்கள் எனக்குச் சரிப்படுவதில்லை. காசு மிச்சமாகும் என்பார்கள். எனக்கு ஆனதில்லை. தொழுஉரம், வேப்பம்புண்ணாக்கு, பந்தலுக்குக் கம்பு, கோடையில் மோட்டாருக்குக் கரண்டு என்று எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினால் சந்தைக் கீரைதான் மலிவு. மருந்தடிக்காத காய் என்பார்கள். அது உண்மை, நிம்மதியும்கூட. ஆனால் மருந்தடிக்கவில்லை என்ற காரணத்துக்காக யாரும் இரண்டாம் தடவை சோறு கேட்டு நான் பார்த்ததில்லை.

எனக்குப் பிடித்தது வேறு. இன்றைக்கு என்ன சமையல் என்பதைச் செடி சொல்கிறது, நான் கேட்டுக்கொள்கிறேன். மனதில் ஒரு குழம்பை நினைத்துக்கொண்டு அதற்குக் காய் வாங்கப் போவது ஒரு வகை. கிடக்கிற காயைப் பார்த்து, இதை என்ன செய்யலாம் என்று யோசிப்பது இன்னொரு வகை. இரண்டாவதில்தான் மூளைக்கும் கைக்கும் வேலை. நம் வீட்டுப் பழஞ்சமையலில் பாதி இப்படி யோசித்தவர்கள் செய்து வைத்ததுதான் என்பதும், மண்ணில் கை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்களுக்குத் தென்காசிப் பக்கம். புறவாசலில் கிணற்றடியை ஒட்டி இரண்டு மூன்று சென்ட் இடம். ஒரு முருங்கை, இரண்டு மூடு வாழை, ஒரு கறிவேப்பிலை, பந்தலில் பருவத்துக்கு ஒரு கொடி, மிச்ச இடத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய், ஒரு கீரைப் பாத்தி. இவ்வளவுதான். சின்னத் தோட்டம் என்றால் வரத்தும் கோணல்மாணலாகத்தான் இருக்கும். கத்தரிக்காய் இரண்டு, வெண்டைக்காய் ஐந்து, அவரைக்காய் ஒரு பிடி. தனித்தனியாக எதுவும் நாலு பேருக்கு ஒரு பொரியலாகத் தேறாது. கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்கிப் பழகியவர்களுக்கு முதலில் எரிச்சல்தான் வரும்.

என் மாமியாருக்கு வந்ததில்லை. காலையில் புறவாசலை ஒரு சுற்றுச் சுற்றாமல் அரிசி களைய விடமாட்டார்கள்.

"என்னம்மா கிடக்கு?"

"கத்தரிக்கா ரெண்டு, முருங்கக்கா ஒண்ணு, அவரைக்கா ஒரு பிடி. ஒண்ணும் தேறாது அத்தை."

"ஏன் தேறாது? கூட்டாஞ்சோறு வச்சிரு."

திருநெல்வேலிக் கூட்டாஞ்சோறு இந்தச் சிக்கலைத் தீர்க்கவே வந்தது என்பது என் கட்சி. வெளியூர்க்காரர்கள் இதைச் சாம்பார் சாதத்தோடு சேர்த்துவிடுகிறார்கள்; சாப்பிட்டுப் பார்த்தால் சேர்க்க மாட்டார்கள். சாம்பார்ப் பொடி இதில் கிடையாது. அரிசி நாலு பங்கென்றால் துவரம்பருப்பு ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரை. பருப்பை முதலில் போட்டு அரைவேக்காடு ஆனதும் அரிசி. அதோடு வாழைக்காய், முருங்கைக்காய், சேனை மாதிரிக் கெட்டிக் காய்கள். கொஞ்சம் கழித்துக் கத்தரி, அவரை, சீனியவரை. (சீனியவரை என்பது மற்ற ஊர்க் கொத்தவரங்காய்.) புளி கடைசியில்தான். முன்னாலேயே ஊற்றினால் பருப்பும் காயும் விறைத்துக்கொண்டு வேகாது. புளிப்பு சேர்ந்தால் காய் சீக்கிரம் குழைவதில்லை. மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்து நாலு துண்டு மாங்காய் போடலாம்.

தேங்காய், சீரகம், மிளகாய்வத்தல், மஞ்சள், நாலைந்து சின்ன உள்ளி. (உள்ளி என்றால் எங்கள் பக்கம் வெங்காயம்.) எல்லாவற்றையும் அம்மியில் கொரகொரப்பாக அரைத்துச் சேர்க்க வேண்டும். மிக்சியில் அரைத்தாலும் குற்றமில்லை, நானே பல நாள் மிக்சிதான், ஆனால் மைபோல ஓட்டிவிடக் கூடாது. எல்லாம் கொதித்துக் கெட்டிப்படும்போது ஒரு கை முருங்கைக்கீரை. அது விழுந்ததும் கிளம்புகிற மணம்தான் கூட்டாஞ்சோற்றின் அடையாளம். கீரை இல்லாமல் வைத்தால் எங்கள் வீட்டில் வாய் திறந்து குறை சொல்ல மாட்டார்கள், தட்டைப் பார்த்துப் பேசாமல் இருப்பார்கள். கடைசியில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, வெங்காய வடகம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. தொட்டுக்கொள்ள அப்பளம் போதும். இரண்டு கத்தரிக்காயும் ஒரு பிடி அவரையும் வீட்டுக்கே காணும்.

அவியலும் இந்த வம்சம்தான். ஆனால் காய் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கூட்டாஞ்சோறு அளவுக்கு ஏழைக்கு இரங்காது.

கொஞ்சமாக வருவது ஒரு சிக்கல் என்றால், எக்கச்சக்கமாக வருவது இன்னொன்று. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும். குற்றாலத்தில் சாரல் என்று ஊரே மகிழ்ந்துகொண்டிருக்கும்போது என் முருங்கையில் ஒரு கிளை முறிந்து தொங்கும். முருங்கை மரத்துக்கு உறுதி கிடையாது. கிளை விழுந்தால் அன்று தெருவுக்கே கீரை. பக்கத்து வீட்டு மைனிக்கு ஒரு கட்டு, எதிர்வீட்டுக்கு ஒரு கட்டு. எங்களுக்கு வைத்துக்கொண்டதை உருவ உட்கார்ந்தால் பொழுது போய்விடும். அதற்கு அத்தை சொல்லித் தந்த வழி: கொப்புகளை ஈரம் இல்லாத வேட்டித் துணியில் இறுகச் சுற்றி ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் உதறினால் இலை தானாகக் கொட்டிவிடும். காம்பு பொறுக்குகிற வேலைதான் மிச்சம்.

முருங்கைக்கீரையை வதக்கும்போது கரண்டியின் குழிப்பக்கத்தால் புரட்டினால் உருண்டு கட்டி பிடிக்கும். கரண்டிக் காம்பால் கிளறுங்கள். பாசிப்பருப்பை முக்கால் வேக்காடு வேகவைத்துப் போட்டு, தேங்காய்த் துருவல் தூவி இறக்கினால் பொலபொலவென்று நிற்கும். எந்தக் கீரையானாலும் மூடிபோட்டு வேகவைக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதில் விஷயம் உண்டு. வேகும்போது கீரையிலிருந்து ஆவியோடு சேர்ந்து அமிலமும் வெளியேறும். மூடினால் அது திரும்பக் கீரையிலேயே விழுந்து, பச்சையம் நிறம் மாறி, பழுப்பேறிப்போகும். இதைப் படிக்காமலே அவர்கள் சட்டியைத் திறந்து வைத்தார்கள்.

வெண்டைக்காயை ருசிக்காகச் சமைத்துச் சாப்பிட வேண்டுமானால் தோட்டம் வைப்பதைத் தவிர வழி கிடையாது என்று கொஞ்சம் திமிராகவே சொல்வேன். பூ வாடி ஐந்தாறு நாளில் காய் பறிக்கப் பக்குவமாகும். இரண்டு நாள் அசந்தால் நாராகிவிடும். பறித்தவுடன் துடைத்து நறுக்கி, அகலமான இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, உப்பைக் கடைசியில் போட்டு வதக்கிப் பாருங்கள். வேறு எதுவுமே வேண்டாம். வழுவழுப்பு அதிகமாகத் தெரிந்தால் ஒரு கரண்டி மோரோ இரண்டு சொட்டுப் புளித்தண்ணீரோ தெளித்தால் அடங்கும். முற்றிப்போனதைப் பிடுங்கி எறியாமல் செடியிலேயே காயவிடுவேன். அடுத்த பட்டத்துக்கு விதை.

தக்காளி விஷயத்தில் எனக்குத் தோட்டம்தான் அடக்கம் கற்றுத் தந்தது. எங்கள் ஊர் வெயிலில் கோடையில் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். குளிர் மாதங்களில்தான் ஒழுங்காகக் காய் பிடிக்கும். ஆகையால் பங்குனி, சித்திரை என்றால் புளி ரசம், மார்கழி, தை என்றால் தக்காளி ரசம் என்று ஒரு ஒழுங்கு தானே வந்துவிட்டது. லாரியில் போகிற தக்காளியை நிறம் திரும்பும்போதே பறித்துவிடுவார்கள். செடியிலேயே பழுத்ததைக் கையால் பிசைந்து, நல்லமிளகு, சீரகம் தட்டிப் போட்டு வைக்கும் ரசத்துக்குப் புளி பாதி போதும்.

அவரையும் இப்படித்தான் தன் நாளைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆடிப்பட்டத்தில் விதை ஊன்றினால் கொடி பந்தல் முழுக்க ஏறும், இலையாக அடையும், பூக்கவே பூக்காது. புதிதாகத் தோட்டம் போடுபவர்கள் இந்த இடத்தில் பயந்துபோய் உரத்தை அள்ளிப் போடுவார்கள். தேவையே இல்லை. பழைய நாட்டுக் கொடியவரை பகல் பொழுது குறுகினால்தான் பூ எடுக்கும். கார்த்திகைவாக்கில் ஊதா, வெள்ளைப் பூங்கொத்து தலைகாட்டும். பிறகு மார்கழி, தை இரண்டு மாதமும் பொரியல், கூட்டு, புளிக்குழம்பு என்று தினமும் அவரைதான். வீட்டில் சலித்துக்கொள்வார்கள். மாசி போனால் அடுத்த மார்கழிவரை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அதே தை மாதத்தில்தான் சிறுகிழங்கு. பொங்கலன்று இது இல்லாமல் எங்கள் ஊரில் இலை நிறையாது. வெளியூர்களில் இதைத் தெரியாதவர்களே அதிகம். கொடித்தலையைக் கிள்ளி நட்டால் சுமார் ஐந்து மாதத்தில் கைவிரல் கனத்தில் கிழங்கு பிடித்திருக்கும். தோல் நீக்குவதுதான் பெரும்பாடு. தண்ணீரில் ஊறவைத்துச் சாக்குப் பையில் போட்டுக் கட்டித் தரையில் தேய்த்தால் முக்கால்வாசித் தோல் போய்விடும். மிச்சத்தைப் பிச்சாத்தி என்கிற சின்னக் கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். வேகவைத்து மிளகாய்வத்தலும் தேங்காயும் உள்ளியும் அரைத்துப் புரட்டினால், உருளைக்கிழங்கு இதன் கிட்டே வராது. மண்வாசனை என்று சொல்வார்களே, இதில் அது நிஜமாகவே இருக்கும்.

வாழையைப் பற்றிச் சொல்லாவிட்டால் அது கோபித்துக்கொள்ளும். குலையில் சீப்பெல்லாம் விரிந்து முடிந்ததும் நுனியில் தொங்கும் பூவை ஒடித்துவிடலாம், அன்றைக்கு வாழைப்பூ. கள்ளனை (ஒவ்வொரு பூவுக்குள்ளும் இருக்கும் வேகாத நரம்பை) ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மோர்த்தண்ணீரில் நறுக்கிப் போட்டால் கறுக்காது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் குலை வெட்டும் நாளில் மரமும் சாய்ந்துவிடும், அன்றைக்குத் தண்டு. ஒரு மரம் ஒரு தடவைதான் குலை தள்ளும் என்பதால், வாழைத்தண்டுப் பொரியல் எங்கள் வீட்டில் எப்போதாவது வருகிற விருந்தாளி. அடியில் பக்கக் கன்று ஏற்கெனவே இடுப்பளவு நின்றுகொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளரி எதுவானாலும் நறுக்கும்போது ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காய் முழுவதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். குக்கர்பிட்டாசின் என்கிற நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு. வேகவைத்தாலும் போகாது, வாந்தி வயிற்றுப்போக்கில் தொடங்கி ஆஸ்பத்திரிவரை கொண்டுபோகும். "நம்ம வீட்டுக் காய்தானே" என்ற பாசம் இந்த ஒரு விஷயத்தில் ஆகாது.

வெயில் காலத்துக்கென்று ஒரு வேலை உண்டு, வற்றல். சுண்டைக்காயை லேசாகத் தட்டி உப்பு போட்ட கெட்டி மோரில் ராத்திரி ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, சாயங்காலம் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை இதேதான். சீனியவரைக்கும் மணத்தக்காளிக்கும் இதே முறை. மணத்தக்காளியை நான் விதைத்ததே இல்லை. குருவி பழத்தைத் தின்றுவிட்டு எங்கோ எச்சம் போடும், அங்கே முளைக்கும். கீரையும் தரும், வற்றலும் தரும். மழைக்காலத்தில் பறிக்க ஒன்றும் இல்லாத நாளில் இந்த டப்பாவைத் திறந்து வத்தக்குழம்பு வைத்துவிடுவேன். கூடவே சுட்ட அப்பளம் இருந்தால் யாரும் காய் எங்கே என்று கேட்பதில்லை.

கேட்டவர் மாடி வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பந்தல் கிந்தல் என்று இப்போது போக வேண்டாம். தோட்டக்கலைத் துறையில் மாடித்தோட்டத்துக்கான பைகள், விதைகளை மானியத்தில் தருகிறார்கள், விசாரித்துப் பாருங்கள். முதலில் கீரை போடுங்கள். முளைக்கீரை மூன்று வாரத்துக்குச் சற்று மேலே போனால் பிடுங்கலாம். அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும், பல மாதம் பறிக்கலாம். விதை கடுகைவிடப் பொடி, ஆகவே மணலோடு கலந்து தூவுங்கள். பூவாளியில்தான் தண்ணீர், குடத்தால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும்.

முதல் அறுவடை ஒரு பிடிக்கு மேல் வராது. அதைப் பொரியலாக்கினால் ஒரு ஆளுக்குக்கூடக் காணாது. அடைக்கு அரைத்த மாவில் பொடியாக நறுக்கிக் கலந்து, சின்ன உள்ளியும் கொஞ்சம் தேங்காயும் சேர்த்து, கொஞ்சம் கனமாக ஊற்றி நல்லெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுகவிட்டு எடுங்கள். மாவு மிச்சமிருந்தால் மறுநாளைக்கு வைக்காதீர்கள், கீரை போட்ட மாவு சீக்கிரம் கெட்டுவிடும்.