ஒரு குவாட்டர் நிலம் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

கனடாவில் பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) கிடைத்துவிட்டது, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, வாங்குகிற காசுக்கு நான் இருக்கும் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு குவாட்டர் நிலமே வாங்கலாமாம், அப்பா கிளிநொச்சியில் கமம் செய்தவர், குடும்பத்தோடு போய்க் கமம் செய்து பிழைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம் தம்பி. அந்த ஒரு குவாட்டரை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது.

ஒரு குவாட்டர் 160 ஏக்கர், யாழ்ப்பாணக் கணக்கில் 2560 பரப்பு. பத்துப் பரப்புத் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களைக் கண்டு வளர்ந்த நமக்கு இது கேட்கவே தலை சுற்றும். இந்த மாகாணத்தில் சராசரிப் பண்ணையே 1700 ஏக்கருக்கு மேல். என் அயலில் ஐயாயிரம் ஏக்கர் விதைக்கிறவரை யாரும் பெரிய கமக்காரர் என்று சொல்வதில்லை. காரணம் மழைதான். இந்தத் தெற்குப் பக்கத்தில் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 350, 400 மில்லிமீற்றர். அதிலும் ஒரு பங்கு பனியாக விழும். கிளிநொச்சியில் ஒரு மாரிக்குப் பெய்கிற மழை இங்கே ஒரு வருடத்துக்குப் பெய்யாது. உறைபனி இல்லாத நாட்கள் நூறு, நூற்றுப்பத்துத்தான். மே மாதம் விதைத்து, ஓகஸ்டிலிருந்து ஒக்டோபருக்குள் வெட்டி எடுக்க வேண்டும். ஒரே போகம். ஏக்கருக்குக் கையில் நிற்பது கொஞ்சம், அதனால் ஏக்கரைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். கம்பைன் என்கிற அறுவடை இயந்திரம் புதிதாக ஒன்று ஐந்து லட்சம் டொலருக்குக் குறையாது. 160 ஏக்கருக்கு அதை வாங்க எந்த வங்கியும் கடன் தராது.

பிறகு ஏன் 160 ஏக்கர் என்று பிரித்து வைத்தார்கள்? அது குடியேற வருகிறவர்களுக்குக் காணி கொடுக்க 1872இல் கனடா அரசாங்கம் கொண்டுவந்த டொமினியன் லாண்ட்ஸ் சட்டத்தின் அளவு. பத்து டொலர் கட்டினால் ஒரு குவாட்டர். வருடத்தில் ஆறு மாதம் அங்கேயே இருந்து, வீடு கட்டி, சில வருடங்களுக்குள் சொன்ன அளவு நிலத்தை உழுது காட்டினால் உறுதி உங்கள் பேரில். மரமில்லாத புல்வெளி என்பதால் வந்தவர்கள் புல்லையே வேரோடும் மண்ணோடும் பாளமாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கூரையும் அதுவேதான். வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சேற்றுத் தண்ணீர் சொட்டும். இந்தத் தென்பகுதி வரண்ட நிலம், விவசாயத்துக்கு ஆகாது என்று நிலத்தை ஆராய வந்த பாலிசர் என்பவர் 1857–60இலேயே பார்த்து எழுதியிருந்தார். பின்னால் மழை நன்றாகப் பெய்த வருடங்களில் வந்து பார்த்தவர்கள் பொன் விளையும் என்றார்கள். அரசாங்கத்துக்கு இரண்டாவது கதைதான் பிடித்தது. 1930களில் மழை பொய்த்து மேல்மண் புழுதியாகப் பறந்தபோது குடும்பம் குடும்பமாக விட்டுப் போனார்கள். இன்றைக்கும் வயலுக்கு நடுவே யாரும் இல்லாத பழைய வீடுகளைக் காணலாம், பக்கத்தில் காற்றுத் தடுப்புக்கு வைத்த கரகானாப் பற்றை மட்டும் பச்சையாக நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடியேற்றத் திட்டம் என்றால் அது யாருடைய காணியில் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கேயும் அதைக் கேளுங்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளோடு அரசு செய்தது 1874இல் நான்காம் உடன்படிக்கை, 1876இல் ஆறாம் உடன்படிக்கை. கிரீ, சோட்டோ, அசினிபோயின் மக்களின் வாழ்வு காட்டெருமைக் கூட்டத்தில் இருந்தது. அது அழிந்து பஞ்சம் வந்ததும் உணவுப் பங்கீட்டைக் காட்டியே அவர்களை ரிசர்வ்களுக்குள், அவர்களுக்கென்று ஒதுக்கிய சிறு காணிகளுக்குள், தள்ளினார்கள். நீங்கள் வேலை செய்யப் போகும் பண்ணைக்குப் பக்கத்திலேயே ஒரு ரிசர்வ் இருக்கக்கூடும். கடைத் திண்ணையில் அவர்களைப் பற்றிச் சிலர் பேசுவதைக் கேட்டு அப்படியே நம்பிவிடாதீர்கள்.

சரி, இப்போது உங்களுக்குப் பிடிக்கக்கூடிய விஷயம். அம்மா ஊரில் வைத்த மைசூர்ப் பருப்பில் ஒரு பங்கு இந்த மண்ணில் விளைந்ததாக இருந்திருக்கக்கூடும். 1970களுக்கு முன்பு இங்கே பருப்பு இல்லை என்றே சொல்லலாம். சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் அல் ஸ்லிங்கார்ட் என்ற ஆய்வாளர் எடுத்த ‘லெயார்ட்’ ரகம் 1978இல் வந்தது. இன்று உலகத்திலேயே அதிகம் பருப்பு ஏற்றுமதி செய்வது கனடா, அதில் மிகப் பெரும்பகுதி இந்த மாகாணம். செடி முழங்காலுக்கும் எட்டாது, காய் தரையோடு கிடக்கும். வெட்டும் கத்தி மண்ணை உரசியே போக வேண்டும், ஒரு கல் தட்டினால் அன்றைய வேலை போச்சு. அதனால் விதைத்த கையோடு பெரிய உருளையை இழுத்துக் கல்லை மண்ணுக்குள் அமத்திவிடுவார்கள். மழை கூடினால் வேரழுகல் வரும். வந்த வயலில் ஆறு, எட்டு வருடம் பருப்பு வைக்காமல் இருப்பது நல்லது. விலையோ டெல்லியில் முடிவாகும்: 2017 டிசம்பரில் இந்தியா 30 விழுக்காடு இறக்குமதி வரி போட்டபோது, இங்கே கோப்பிக் கடையில் காலையில் கூடுகிற கிழவர்கள் இந்திய அமைச்சரவையைப் பற்றி என்னிடம் விளக்கம் கேட்டார்கள். நான் யாழ்ப்பாணம் என்று சொன்னாலும் விடவில்லை.

அன்றாட வாழ்க்கையில் குளிரைவிடத் தூரம்தான் வாட்டும். மைனஸ் 40க்கு உடுப்பு இருக்கிறது, இரவில் கார் எஞ்சின் உறையாமல் சூடாக இருக்க மின்சாரப் பிளக் குத்தி வைக்கலாம். பால் முடிந்தால் அரை மணி ஓட்டம். பல்வலி என்றால் அரை நாள் போகும். பனிப்புயலில் தெருவில் மாட்டினால் காரைவிட்டு இறங்கி நடக்கவே கூடாது; கம்பளி, மெழுகுதிரி, சவள் மூன்றும் டிக்கியில் இருக்க வேண்டும். கோவில் றெஜைனாவிலும் சஸ்கட்டூனிலும் உண்டு. தமிழ்ச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் போன்தான். உங்கள் மனைவிக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். விதைப்பிலும் அறுவடையிலும் நீங்கள் காலை போனால் நள்ளிரவுதான் வருவீர்கள், அந்த நேரமெல்லாம் தனியே இருக்கப்போவது அவர்தான். அயலவர் நல்லவர்கள். யாராவது அறுவடை நேரத்தில் படுத்துவிட்டால் சொல்லாமலே நாலைந்து கம்பைன் வந்து நிற்கும். ஆனால் சும்மா வந்து திண்ணையில் குந்துகிற பழக்கம் இல்லை.

ஆகவே கொண்டோக் காசை அப்படியே வைத்திருங்கள். ஒரு முழு வருடம், மாரியும் சேர்த்து, ஒரு பண்ணையில் சம்பளத்துக்கு நில்லுங்கள். விதைப்புக்கு ஆள் தேடுவது மாசி, பங்குனியிலேயே தொடங்கிவிடும். பெரிய லொறி ஓட்டும் கிளாஸ் 1 லைசன்ஸ் இருந்தால் உங்கள் பேர் முதலில் நிற்கும். அதற்கு நூறு மணிநேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி உண்டு, இப்போதே தொடங்குங்கள். பிறகும் ஆசை இருந்தால் வாங்குவதற்கு முன் குத்தகைக்கு எடுங்கள். வங்கி ஆளை விட்டுவிட்டு, பயிர்க் காப்புறுதி அலுவலகத்தில் முதலில் பேசுங்கள், அந்த மண்ணின் தரம் அவர்களுக்குத் தெரியும். பி.ஆர். இல்லாத உறவினர் பேரில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குடியுரிமையோ பி.ஆரோ இல்லாதவர் இங்கே பத்து ஏக்கருக்கு மேல் பண்ணை நிலம் வைத்திருக்க முடியாது. வீட்டைப் பண்ணைக்குள் தேடாமல் டவுனுக்குள் பாருங்கள், பள்ளி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.