மேசைமேல் ஒரு கோட்டை: கேள்வி பதில்

மந்திரவாதிகளும் வீரர்களும் மோதும் மேசை விளையாட்டுக்குக் கோட்டை, காடு, பாறை எல்லாம் வீட்டில் செய்வது பற்றி நம் கிழக்கிலங்கைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு எழுதுகிறேன்.

கல்லடியிலிருந்து: அண்ணா, ரெஜிபோம் (தெர்மாகோல்) கோபுரத்துக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். குழிகுழியாக உருகிவிட்டது.

ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் ரெஜிபோமைத் தின்றுவிடும். கறுப்பு எமல்ஷனில் பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசையைக் கலந்து, தூரிகையால் இரண்டு தடவை பூசுங்கள். மேற்பரப்பும் உறுதியாகும். அதன்மேலும் ஸ்ப்ரே வேண்டாம், தம்பி. ஓர் ஊசித்துளை விடுபட்டாலும் உள்ளே கரையும்.

மட்டக்களப்புக் கோட்டையைப் பார்த்துச் செய்யலாமா? அளவு எப்படி?

கட்டாயம் செய்யுங்கள். வெளிநாட்டுப் படத்துக் கூர்க்கோபுரத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. நான்கு மூலையிலும் கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. எதிரி எங்கிருந்து வந்தாலும் தண்ணீரைக் கடக்க வேண்டும். விளையாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பல விளையாட்டுகளில் ஓர் அங்குலக் கட்டம் ஐந்து அடியைக் குறிக்கும். உருவங்கள் 28 மி.மீ. அளவுடையவை, அடித்தட்டு பெரும்பாலும் 25 மி.மீ. அதனால் மதில்மேல் நடைபாதையும் படிகளும் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அழகுக்காகப் படியை ஒடுக்கினால் வீரன் நிற்கமாட்டான்.

கல் வரிகளைக் குமிழ்முனைப் பேனாவால் அழுத்திக் கீறுங்கள். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி மேலே உருட்டுங்கள். கறுப்புப் பூச்சுக் காய்ந்ததும், தூரிகையில் சாம்பல் நிறம் தொட்டு, துணியில் அநேகமாக முழுவதும் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் மெல்லத் தேயுங்கள். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக எழுந்து வருவதைப் பார்ப்பீர்கள். அந்த நிமிடத்துக்காகவே நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

கல்முனையிலிருந்து: கடற்கரை மணலை ஒட்டலாமா?

நல்ல தண்ணீரில் மூன்று தடவை கழுவி, வெயிலில் காயவைத்த பிறகு ஒட்டலாம். உப்பு ஈரத்தை இழுக்கும். மாரியில் பெயிண்ட் பொருக்காக உரியும்.

வாழைச்சேனையிலிருந்து: அடித்தட்டு அட்டை வளைந்துவிடுகிறது.

பசை காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. அடிப்பக்கமும் அதே பசையைப் பூசிவிடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: கண்டல் காடு செய்ய ஆசை, அண்ணா. வேர்கள்தான் வரவில்லை.

பழைய மின்கம்பியை உரித்தால் உள்ளே மெல்லிய செப்பு இழைகள் இருக்கும். இருபது இழைகளைச் சேர்த்து நடுவில் முறுக்குங்கள், அதுதான் தண்டு. மேல் நுனிகளைக் கிளையாகப் பிரியுங்கள். கீழ் நுனிகளைக் குடைபோல வெளியே வளைத்து, மண்ணில் ஊன்றியதுபோல அடித்தட்டில் குத்துங்கள். தண்டில் பைண்டர் கம் தடவி மரத்தூள் தூவினால் பட்டை வந்துவிடும். தண்ணீருக்கு நீலம் பூசாதீர்கள். நம் வாவி கண்டல் ஓரத்தில் பச்சை கலந்த பழுப்பு நிறம். அதைப் பூசி, மேலே பளபளக்கும் வார்னிஷை மெல்லியதாக நான்கைந்து தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு இடுங்கள். வேர்களின் நிழல் அதில் விழும்.