ஜாமீன் கிடைத்த பிறகு

அன்புள்ள ஐயா,

சட்டம் முடித்துவிட்டு மதுரையில் ஒரு சீனியரிடம் மூன்றாவது ஆண்டாக ஜூனியராக இருக்கிறேன். மனித உரிமை வழக்குகள் நடத்துகிறவர் என்பதால்தான் அவரிடம் சேர்ந்தேன். ஆனால் நான் செய்வதெல்லாம் வாய்தா வாங்குவது, காப்பி அப்ளிகேஷன் போடுவது, ஜெயிலுக்குப் போய் வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது. ஜாமீன் கிடைத்த ஒரு வடமாநிலத் தொழிலாளிக்கு உள்ளூர் ஜாமீன்தாரர் தேடி மூன்று வாரமாக அலைகிறேன். அமைப்பை மாற்ற வேண்டும் என்று வந்தவள் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். வெளிநாட்டில் மனித உரிமைச் சட்டம் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா, இல்லை டெல்லியில் ஏதாவது ஓர் அமைப்பில் சேரலாமா? படிக்க வேண்டிய புத்தகங்களையும் சொல்லுங்கள். சீனியர் தருவது பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும்தான் வருகிறது.

க., மதுரை

அன்புள்ள க.,

புத்தகப் பட்டியல் தரப்போவதில்லை. உங்கள் சீனியர் அறையில் சுவர் முழுக்கத் தீர்ப்புத் தொகுதிகள் இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். டெல்லியா வெளிநாடா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

நான் பதில் எழுதுவது நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த ஜாமீன்தாரர் வரிக்காக. கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் அது. இவரை வெளியே விடலாம் என்று நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகும் ஒரு மனிதர் மூன்று வாரம் உள்ளே இருக்கிறார். அவரை வெளியே கொண்டுவர அலைவதைக் குமாஸ்தா வேலை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? குமாஸ்தாக்களையும் அப்படி இளக்காரமாகச் சொல்லாதீர்கள். எந்த கோர்ட்டில் எந்த ரசீதை ஏற்பார்கள், எதைத் திருப்பி அனுப்புவார்கள் என்று உங்கள் சீனியரைவிட அவருடைய குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்.

1978இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்துக்காரர். அவருக்கு ஜாமீன் கொடுத்ததே உச்ச நீதிமன்றம்தான். கீழே மாஜிஸ்ட்ரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். கூடப்பிறந்தவர் ஒருவர் முன்வந்தபோது, உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்று மறுத்துவிட்டார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் கோபமாகவே கேட்டார்: ஒரு மலையாளியோ தமிழனோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ திருட்டு வழக்கில் பிடிபட்டால், அங்கே சொத்து வைத்திருக்கும் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான்? கடைசியில் ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில், அதாவது வேறு யாரும் பொறுப்பேற்காமல் அவரே எழுதிக்கொடுக்கும் உறுதியில், மோதி ராமை விடச் சொன்னார். அடுத்த ஆண்டே ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பி.என். பகவதியும் அதே வழியில் போனார். குடும்பம், வேலை என்று ஊரில் வேர் உள்ள ஏழையை, பணமோ ஜாமீன்தாரரோ கேட்காமல் சொந்தப் பிணையில் விடலாம் என்றார். பீகார் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்காக அந்த வழக்கைக் கொண்டுபோனவர் கபிலா ஹிங்கோரானி என்ற வழக்கறிஞர்.

சரி, இதெல்லாம் நீங்கள் கல்லூரியில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். அப்புறம் ஏன் மூன்று வாரமாக உள்ளூர் ஜாமீன்தாரர் தேடுகிறீர்கள்?

நான் தென்மாவட்டம் ஒன்றில் ஜூனியராக இருந்தபோது, ரோடு வேலைக்கு வந்த ஒருவரைச் செம்புக் கம்பி திருடியதாகப் பிடித்துவிட்டார்கள். விழுப்புரம் பக்கத்துக்காரர். ஜாமீன் கிடைத்தது, உள்ளூரில் வீட்டு வரி ரசீது வைத்திருக்கும் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். காண்ட்ராக்டர் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மனைவி கைக்குழந்தையோடு தினமும் கோர்ட் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார். எங்கள் வாசலிலும் வாடகைக்கு ஜாமீன்தாரர் பிடித்துத் தரும் ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பெண்ணின் காதில் கிடந்த தோட்டைப் பார்த்துத்தான் ரேட் சொன்னார்கள். சீனியரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "1978 ஏ.ஐ.ஆர். எடுத்துப் படி" என்றார், அந்த ஆண்டின் தீர்ப்புத் தொகுதியைத்தான் சொன்னார். இரண்டு பக்கத்தில் ஒரு மனு எழுதி, மோதி ராம் தீர்ப்பின் நகலையும் சேர்த்துப் போட்டேன். மாஜிஸ்ட்ரேட் நல்ல மனிதர். கோர்ட்டிலேயே முழுதாகப் படித்துவிட்டு, "இதை இங்கே யாரும் இதுவரை காட்டியதில்லையே" என்றார். மறுநாள் கைதியின் தம்பி கிராமத்திலிருந்து வி.ஏ.ஓ. சான்றோடு பஸ் ஏறி வந்தார். ஏற்றுக்கொண்டார்கள்.

டெல்லியில் வந்த தீர்ப்பு ஒரு முன்சீப் கோர்ட் வளாகத்துக்குத் தானாக வந்து சேராது. யாராவது எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைக்க வேண்டும். அப்படி எடுத்துப் போகிறவர் பெரும்பாலும் ஜூனியர்தான், சீனியர் அந்த நேரம் உயர் நீதிமன்றத்தில் இருப்பார். இந்தியச் சிறைகளில் 2022 கடைசியில் 5,73,220 பேர் இருந்தார்கள், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல். இதைக் கருத்தரங்கில் சொன்னால் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். உங்கள் கட்சிக்காரர் அந்தக் கணக்கில் ஒருவர். அவரை மட்டும் விட்டுவிட்டு எந்த அமைப்பை மாற்றப் போகிறீர்கள், அம்மா?

2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவை எடுத்துப் படியுங்கள். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதை இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஆள் விஷயத்தில் தெரிவித்தார்களா? நேரில் போய்க் கேட்டீர்களா? ஒரு மாதம் வரை பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே முன்வந்து பார்க்கலாம். விடுதலை தாமதமாக ஒரு காரணமே உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பதுதான் என்பதால், அந்த நிபந்தனையை விதிக்க வேண்டாம் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. கிருஷ்ணய்யர் கேட்டு 45 ஆண்டு கழித்து அதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், நடுவில் எத்தனை கோர்ட்டில் யாருமே அந்த மனுவைப் போடாமல் விட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜாமீன் தொகைதான் சிக்கல் என்றால், தொகை அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 484ஆம் பிரிவே சொல்கிறது, செஷன்ஸ் கோர்ட்டில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஏழைக் கைதிகளுக்கு உதவ மத்திய அரசு 2023இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது, தொடங்கியபோது அதில் விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை என்று இருந்தது. சில வகைக் குற்றங்களுக்குக் கிடையாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாமீன்தாரர் தேடி அலைந்த மூன்று வாரத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கும் மனு தயாராகியிருக்கும். திங்கட்கிழமை போடுங்கள். அவர் எந்த ஊர்க்காரர், வீட்டில் யார் யார், இங்கே எங்கே வேலை பார்த்தார், எத்தனை மாதம் தங்கியிருந்தார் என்று பகவதி சொன்ன வேரைக் காட்டும் விவரங்களை எல்லாம் அவரிடமே கேட்டு எழுதுங்கள். அடுத்த முறை ஜெயிலுக்குப் போகும்போது வக்காலத்து பாரத்தை மட்டும் நீட்டாதீர்கள். இந்தி தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். கைதியின் மனைவி நம்பரை வாங்கி, நீங்களே போன் செய்து நிலவரத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் சம்பளம் பற்றி. இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் நம் பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது. நீங்கள் இருப்பது மதுரை. தொழிலாளர்களின் குறைந்தபட்சக் கூலிக்காக வாதாடுகிறவர் தன் ஜூனியருக்கு பஸ் காசு கொடுப்பது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. வீட்டில் பின்பலம் உள்ளவர்கள் மட்டுமே இந்தத் துறையில் தாக்குப்பிடிக்கிறார்கள், முதல் தலைமுறைப் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டில் ஓடிவிடுகிறார்கள். நீங்கள் டெல்லி, வெளிநாடு என்று எழுதியதில் பாதி இந்தப் பணப் பிரச்சினைதானோ என்று சந்தேகப்படுகிறேன். அப்படியானால் முதலில் அந்தச் சுற்றறிக்கையை ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் உங்கள் சீனியரிடம் பேசுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்