எண்ணூறு வெள்ளிக்குக் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். போன திங்கட்கிழமை விடியற்காலை அப்பா (வயது 57) சைக்கிளில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடம்) போகும்போது பின்னால் வந்த காடி (கார்) மோதிவிட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. "போலீசுக்குப் போக வேண்டாம், 800 வெள்ளி தருகிறேன், இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார் ஓட்டுநர். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம்மா. அந்தக் காகிதத்தில் "பெனுஹ் டான் முக்தாமட்" என்ற மலாய்ச் சொற்கள் இருக்கின்றனவா பாருங்கள். முழுத் தீர்வு, இறுதித் தீர்வு என்று பொருள். கையெழுத்துப் போட்டபின் ஆறு மாதம் கழித்துக் கை தூக்க வரவில்லை என்றாலும் மேற்கொண்டு பணம் கேட்பது மிகக் கடினம்.

ஓட்டுநர் ஏன் கெஞ்சுகிறார்? நீங்கள் இழப்பீடு கேட்டால் காப்புறுதியில் அவருக்குக் கிடைக்கும் என்சிடி (இழப்பீடு கோரப்படாத ஆண்டுகளுக்கான கட்டணக் கழிவு) போய்விடும். அது 55 விழுக்காடு வரை இருக்கும். அவர் கவலை அவருக்கு. ஆனால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது அவர் வண்டியால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான காப்புறுதி, சட்டப்படி கட்டாயம். அப்பாவின் காயத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியது அவருடைய காப்புறுதி நிறுவனம்.

முதல் வேலை போலீஸ் ரிப்போர்ட். 24 மணி நேரத்துக்குள் செய்திருக்க வேண்டும், தாண்டிவிட்டது. பரவாயில்லை, இன்றே போங்கள். ஆஸ்பத்திரியில் இருந்ததால் தாமதம் என்று அதிலேயே சொல்லுங்கள். வண்டி எண்ணை மறக்காதீர்கள்.

சைக்கிளைப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். வளைந்த பின்சக்கரமும் உடைந்த பிரதிபலிப்பானும் எந்தப் பக்கமிருந்து இடித்தார் என்பதைக் காட்டும். அப்படியே படமெடுத்து, லயத்து வீட்டுக்குப் பின்னால் மூடி வையுங்கள். பின்விளக்கு இல்லை என்று அவர்கள் வாதிடலாம். விளக்கு இல்லாதிருந்தாலும் இழப்பீடு குறையுமே தவிர, அதனால் மட்டும் இல்லாமல் போகாது.

மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே, ஆஸ்பத்திரிக்குப் போன காடிச் செலவு, இழந்த கூலிக்குச் சம்பளச் சீட்டு எல்லாம் ஓர் உறையில் இருக்கட்டும்.

அப்புறம், வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து இது, சொக்சோவிடமும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பணம் கேட்கலாம். தோட்ட ஆபீசில் உடனே சொல்லுங்கள். ஓட்டுநரின் காப்புறுதியிடம் கேட்க அது தடையில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வந்து "கிடைப்பதில் இத்தனை விழுக்காடு" என்று பேசும் ஆட்களிடம் ஐசியை (அடையாள அட்டை) கொடுக்காதீர்கள். அப்படிப் பங்கு பேச இங்கே வழக்கறிஞருக்கே அனுமதியில்லை. நேராக வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போங்கள். வழக்குப் போட பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. அரசாங்க வண்டி என்றால் 3 ஆண்டுதான். அதனால் அவசரமாக எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, எலும்பு கூடட்டும்.