அந்தக் காலர் பொத்தான்

அன்புள்ள ஐயா,

இ.எம். ஃபாஸ்டரின் 'எ பாசேஜ் டு இந்தியா' (1924) நாவலை வாசித்து முடித்தேன். இந்திய டாக்டர் அஸீஸும் ஆங்கிலேயக் கல்லூரி முதல்வர் ஃபீல்டிங்கும் கடைசியில் ஏன் பிரிய வேண்டும்? அவர்களுடைய குதிரைகள்கூட விலகிப் போகின்றன. ஆள்பவனும் ஆளப்படுபவனும் நண்பர்களாகவே முடியாதா? மனசு ஆறவில்லை.

வாசகர், குலசேகரம்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிப் பக்கம் இருக்கட்டும். காலர் பொத்தான் வரும் இடத்தை இன்னொரு முறை வாசியுங்கள். ஃபீல்டிங்கின் பொத்தான் உடைந்துவிடுகிறது. என்னிடம் வேறு இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, அஸீஸ் தன் காலரிலிருந்தே தங்கப் பொத்தானைக் கழற்றிக் கொடுக்கிறான். பிற்பாடு ஆங்கிலேய நகர மாஜிஸ்திரேட் ரானி, அஸீஸ் பொத்தான் போட மறந்ததைச் சொல்லி, இந்தியன் என்றாலே இப்படித்தான், கவனம் கிடையாது என்கிறான். எனக்கு அந்த நாவலில் மிகவும் வலித்த இடம் இது. அவர்கள் நட்பு பொய்யே இல்லை. ஆனால் அஸீஸ் ஆசையாகக் கொடுத்தது, அதிகாரத்தின் கண்ணில் அவனுடைய குறையாகிவிடுகிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் போங்கள். கூரையில்லாத சிற்றாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய கல். 1741-ல் குளச்சல் போரில் டச்சுக் கம்பெனிக்காகப் போரிட்டு, தோற்றுப் பிடிபட்டவர் அவர். பிறகு திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தார். அதே அரசரிடம் வேலை பார்த்தவர் நீலகண்ட பிள்ளை. மாடு செத்து, விளைச்சல் போய் அவர் நொந்திருந்தபோது டிலனாய் பைபிளில் வரும், எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கை விடாத யோபுவின் கதையைச் சொன்னார் என்று நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று நீலகண்ட பிள்ளை தேவசகாயம் ஆனார். 2022-ல் புனிதர் பட்டம்.

இங்கே வெள்ளைக்காரர்தான் தோற்றவர். இரண்டு பேருக்கும் படியளந்தது ஒரே அரசர். அஸீஸுக்கும் ஃபீல்டிங்குக்கும் கிடைக்காத தரை அது. அதனால்தான் அப்படி உட்கார்ந்து பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் 1749-ல் தேவசகாயத்தைக் கைது செய்தார்கள். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். டிலனாய் 1777-ல் சாகும்வரை திருவிதாங்கூர் படையிலேயே இருந்தார். நண்பன் விலங்கோடு கிடந்த அந்த நாட்களில், காலையில் எழுந்து சிப்பாய்களுக்குக் கவாத்து சொல்லிக் கொடுக்கும்போது அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? நான் நாவல் எழுதினால் அங்கேதான் தொடங்குவேன்.

கோட்டைக்குப் போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன்.