இன்டர்னல் 36, ரிசல்ட்டில் 'யு': அண்ணா பல்கலை மாணவர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பி.இ., பி.டெக். படிப்பவர்களிடமிருந்து. பதில்கள் 2021 ஒழுங்குமுறையின்படி (பாடத்திட்டமும் தேர்வு விதிகளும் அடங்கிய தொகுப்பு) எழுதப்பட்டவை; வேறு ஒழுங்குமுறையில் சேர்ந்தவர்களுக்கு விதிகள் மாறலாம். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும், பல்கலைக்கழகத்தின் நான்கு வளாகக் கல்லூரிகளுக்கும் (கிண்டியில் மூன்று, குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.) விதிகள் தனி. அங்கே படிப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்டர்னலில் 40க்கு 36 வாங்கினேன். செமஸ்டர் தேர்வில் 100க்கு 42. கூட்டினால் 60ஐத் தாண்டுகிறது. ஆனால் ரிசல்ட்டில் 'யு' என்று வந்திருக்கிறது. தவறுதலாகப் போட்டுவிட்டார்களா?
- இரண்டாமாண்டு மாணவி, தூத்துக்குடி

தவறில்லை. 'யு' என்றால் தேறவில்லை என்று பொருள். தேர்ச்சிக்கு இரண்டு வாசல்கள், இரண்டையும் தாண்ட வேண்டும். மொத்தத்தில் 50 வேண்டும்; அது தவிர எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும். மொத்தத்தில் இன்டர்னலுக்கு 40, தேர்வுக்கு 60 என்பதால், உங்கள் 42 மதிப்பெண்ணை 60க்கு மாற்றினால் 25.2. அதோடு 36 சேர்த்தால் 61.2. முதல் வாசலைத் தாராளமாகத் தாண்டிவிட்டீர்கள், இரண்டாவதில் 3 மதிப்பெண்ணில் நின்றுவிட்டீர்கள். இன்டர்னல் 40க்கு 40 இருந்திருந்தாலும் இதே முடிவுதான்.

தேர்வுக்கு உட்காரும் முன் ஒவ்வொரு பாடத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்னல் 23 அல்லது அதற்கு மேல் என்றால் தேர்வில் 45 போதும். 20 என்றால் 50 வேண்டும். 15 என்றால் 59. 10 என்றால் 67. இன்டர்னலில் ஒரு மதிப்பெண் குறைந்தால், தேர்வில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மதிப்பெண் கூடுதலாக எடுத்தாக வேண்டும். அசைன்மென்டைக் கடைசி நாளில் பார்த்து எழுதிக் கொடுப்பவர்கள் இந்த விகிதத்தை நினைப்பதே இல்லை. இரண்டு இன்டர்னல் மதிப்பீடுகளிலும் நூற்றுக்கு 60தான் எழுத்துத் தேர்வு; மீதி 40 அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் வகையறா. சுலபமாகக் கிடைக்கும் மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

இந்த 45ஐ எங்கே எடுப்பது? வினாத்தாளில் பகுதி அ 10 இரண்டு மதிப்பெண் கேள்விகள், பகுதி ஆ ஐந்து 13 மதிப்பெண் கேள்விகள், பகுதி இ ஒரு 15 மதிப்பெண் கேள்வி. பாடத்தின் ஐந்து யூனிட்டில், பகுதி ஆவில் யூனிட்டுக்கு ஒரு கேள்வி, அதிலேயே 'அல்லது' உண்டு. ஒரு யூனிட்டை முழுதாக விட்டால் இரண்டு சின்னக் கேள்விகளோடு சேர்த்து 17 மதிப்பெண் போகும். ஒன்றை விடுவது தாங்கக்கூடிய நஷ்டம். இரண்டை விட்டால் 34 போய், மீதியில் பிழைக்கு அதிக இடமிருக்காது. பகுதி இ விட்ட யூனிட்டிலிருந்து வந்துவிட்டால் கதை முடிந்தது.

நேரமும் பாருங்கள். 180 நிமிடத்தில் சின்னக் கேள்விகளுக்கு 20, ஒவ்வொரு பெரிய கேள்விக்கும் 25, 15 மதிப்பெண்ணுக்கு 25 என்று ஒதுக்கினால் கடைசியில் 10 நிமிடம் மிஞ்சும். தெரிந்த கேள்வி என்ற சந்தோஷத்தில் முதல் 13 மதிப்பெண்ணுக்கு முக்கால் மணி நேரம் எழுதிவிட்டு, ஐந்தாவது யூனிட்டை வெறும் படத்தோடு நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து.

முதல் செமஸ்டரில் மேத்ஸ் போய்விட்டது, ஆனால் ஜி.பி.ஏ. 8 காட்டியது. அடுத்த முறை மேத்ஸ் பாஸ் செய்த பிறகு அது 7.45 ஆகிவிட்டது. பாஸ் செய்தால் குறையுமா?
- மாணவர், திருச்செங்கோடு

குறையும். ஜி.பி.ஏ. என்பது அந்த செமஸ்டரின் சராசரிப் புள்ளி. தேறாத பாடத்தை அந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, அதனால் அந்த 8 ஒரு மாயத் தோற்றம். முதல் செமஸ்டருக்கு 22 கிரெடிட் (கிரெடிட் என்பது கணக்கில் ஒரு பாடத்துக்குள்ள எடை). அதில் மேத்ஸ் மட்டும் 4. மற்ற 18 கிரெடிட்டிலும் நீங்கள் 'ஏ', அதாவது 8 புள்ளி வாங்கியிருந்தால் 144ஐ 18ஆல் வகுத்து 8 வரும். மேத்ஸில் பிறகு 'சி' (5 புள்ளி) வாங்கித் தேறியதும் 164ஐ 22ஆல் வகுக்க வேண்டும்: 7.45.

இதே 'சி' தமிழர் மரபுப் பாடத்தில் வந்திருந்தால், அது ஒரே கிரெடிட் என்பதால் 7.86 இருந்திருக்கும். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் என்று முடிவு செய்யும்போது பாடத்திட்டத்தில் கிரெடிட் எண்ணைப் பாருங்கள். வேலைவாய்ப்புப் படிவம் நிரப்பும்போதும் கவனம்: அரியரை (தேறாத பாடத்தை) வைத்துக்கொண்டு எழுதும் சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி), அரியர் முடிந்ததும் எழுத வேண்டிய சி.ஜி.பி.ஏ. இரண்டும் ஒன்றல்ல.

தேர்வு நேரத்தில் என் மகளுக்கு டெங்கு. இரண்டு தேர்வு எழுதவில்லை. இதுவரை எல்லாவற்றிலும் முதல் முறையே தேறியவள். 'டிஸ்டிங்ஷன்' போய்விட்டது என்கிறார்கள், உண்மையா?
- ஒரு தாய், விருத்தாசலம்

'விலகல்' (வித்ட்ராயல், அதாவது தேர்வெழுதாமல் விலகிக்கொள்ளும்) அனுமதி வாங்கினீர்களா என்பதைப் பொறுத்தது. பதிவு செய்துவிட்டு வெறுமனே வராமல் இருந்தால், டிஸ்டிங்ஷன், முதல் வகுப்பு போன்ற வகைப்பாட்டுக்கு அது 'ஒரு முறை எழுதியது' என்றே கணக்கு. டிஸ்டிங்ஷனுக்கு சி.ஜி.பி.ஏ. 8.50 இருந்தால் மட்டும் போதாது, எல்லாப் பாடத்திலும் முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும். அதனால்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் தகுந்த காரணத்தோடு விலகல் பெற்றால் அது ஒரு முறை எழுதியதாகக் கருதப்படாது, டிஸ்டிங்ஷன் தகுதியும் போகாது. படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு தடவைதான் இந்த வசதி. மற்றபடி தேர்வெழுதத் தகுதியுள்ளவராக (வருகைப்பதிவு உட்பட) இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குத் தேர்வுக்கு முந்தைய 10 நாள் என்று காலவரம்பு உண்டு. திடீர் நோய் போன்ற அசாதாரணச் சூழலில் அதைத் தளர்த்திப் பரிசீலிக்கவும் இடமிருக்கிறது. கல்லூரி முதல்வர் பரிந்துரைத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஏற்க வேண்டும். மருத்துவமனை அனுமதிச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் எடுத்துக்கொண்டு இன்றே முதல்வரைப் பாருங்கள். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. கல்லூரி அலுவலகத்தில் பலருக்கு இந்த விதி நினைவில் இருக்காது, நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கலாம்.

ரீவேல்யூவேஷன் போட்டால் பயன் உண்டா?
- மூன்றாமாண்டு மாணவர், ஈரோடு

முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன் பிறகே மறுமதிப்பீடு. நகல் கையில் வந்ததும், பாடம் எடுத்த ஆசிரியர் கேள்வி வாரியாக மதிப்பெண் போட்டுப் பரிந்துரைக்க வேண்டும். இதைச் சடங்காக்காமல் அவரோடு உட்கார்ந்து பாருங்கள். உள்ளே போட்ட மதிப்பெண் எல்லாம் முதல் பக்கத்துக்கு வந்திருக்கிறதா, கூட்டல் சரியா, உட்பிரிவு எதுவும் விடுபட்டதா, கடைசிப் பக்கங்கள் திருத்தப்பட்டனவா? இதில் ஒன்று சிக்கினாலோ, ஆசிரியர் கணக்கில் நல்ல வித்தியாசம் வந்தாலோ விண்ணப்பியுங்கள். 40க்கும் 45க்கும் நடுவில் நிற்பவர்கள் கட்டாயம் நகல் வாங்கிப் பார்க்கலாம். 20 வாங்கியவர் நண்பர்கள் போடுகிறார்களே என்று போடுவது பண விரயம். மறுமதிப்பீட்டிலும் திருப்தி இல்லையென்றால் 'ரிவ்யூ' கேட்கலாம். மறுமதிப்பீட்டுக்குப் போனவர்களுக்கு மட்டுமே அது. லேப், புராஜெக்ட்டுக்கு மறுமதிப்பீடு கிடையாது.

மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் அடுத்த தேர்வுப் பதிவின் கடைசி நாள் வந்துவிட்டால், அரியருக்கும் பதிந்து வையுங்கள்.

மகன் படிப்பை முடித்து ஓராண்டு ஆகிறது. ஒரு பாடத்தில் இன்டர்னல் 12தான். இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. இனி எப்படி?
- தந்தை, பரமக்குடி

இன்டர்னல் 12 என்றால் இதுவரை அவருக்கு எழுத்துத் தேர்வில் 64 தேவைப்பட்டிருக்கும். அடுத்தது மூன்றாவது முறை. மூன்றாவது முறையிலிருந்து, இன்டர்னலைச் சேர்த்தும் தேறாதவர்கள் எழுத்துத் தேர்வில் மட்டும் 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. 64லிருந்து 50க்கு இறங்குகிறது. மனம் விட்டுப்போகும் நேரமல்ல இது.

படிப்பை முடிக்க மொத்தம் 14 செமஸ்டர், அதாவது சேர்ந்த நாளிலிருந்து ஏழு ஆண்டு. நேரடி இரண்டாமாண்டில் சேர்ந்தவர்களுக்கு 12 செமஸ்டர்.

அவர் எந்தப் பழைய வினாத்தாளை வைத்துப் படிக்கிறார் என்றும் பாருங்கள். 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டர் மேத்ஸ் எம்ஏ3151. 2017 ஒழுங்குமுறையில் எம்ஏ8151. எழுத்துக்குப் பின் வரும் முதல் இலக்கம்தான் எந்த ஒழுங்குமுறை என்று காட்டுகிறது. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று 8 தொடங்கும் குறியீட்டுத் தாள்களைப் பிரின்ட் போட்டுப் படித்துவிட்டு, தேர்வறையில் யூனிட் மாறியிருப்பதைப் பார்த்து விழிப்பவர்கள் உண்டு.

வருகைப்பதிவு 71 சதவீதம். தேர்வெழுத விடுவார்களா?
- முதலாமாண்டு மாணவர், செய்யாறு

75 வேண்டும். 65க்கும் 75க்கும் இடையில் இருந்தால் மருத்துவக் காரணம் அல்லது விளையாட்டுப் போட்டிச் சான்றிதழோடு அனுமதி கிடைக்கும். ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம் எல்லாம் அதில் வராது. 65க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரை அடுத்த ஆண்டு மறுபடி படிக்க வேண்டியதுதான். கணக்கு எல்லாப் பாடங்களின் பீரியடையும் சேர்த்து. செமஸ்டரில் 500 பீரியட் என்றால் 125 வரை விடலாம். நாளுக்கு ஏழு பீரியடில் அது 18 நாள்கூட முழுதாக இல்லை.

அரியருக்கு மறுபடியும் 'ஆல் பாஸ்' வருமாமே?
- வாட்ஸ்அப் பார்த்த நால்வர், ஒரே ஹாஸ்டல்

2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், கட்டணம் கட்டியவர்களுக்கு அரியர் தேர்வு ரத்து என்று தமிழக அரசு அறிவித்தது. 2021ல் சென்னை உயர் நீதிமன்றம், தேர்வே நடத்தாமல் தேர்ச்சி தருவதை ஏற்கவில்லை. உங்களுக்கு வந்த படத்தில் தேதி இருக்கிறதா பாருங்கள். அப்புறம், தேர்வுப் பதிவுக்குக் கடைசி நாள் எது என்று நாளைக் காலையில் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.