ரசீது எண் 388

கேள்வி: ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 43. ஆறு ஆண்டுகளாக எங்கள் ஊழியர்களின் நன்கொடை வசூலை நான்தான் முன்னின்று நடத்துகிறேன். என்னோடு ஒன்பது பேர் வருவார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரை மூழ்கியபோது, 420 பேரில் 387 பேரிடம் வசூலித்து ஒரு தொண்டு நிறுவனத்திடம் கொடுத்தோம். வேலை முடிந்த பிறகும் ஒவ்வொரு ஷிப்டுக்கும் போய் நின்றேன். சில்லறை எண்ணுவது, ரசீது சரிபார்ப்பது, பான் எண் பட்டியலை ஒப்பிடுவது எல்லாவற்றையும் வீட்டில் சும்மா இருக்கும் மாமியாரிடம் கொடுத்துவிடுவேன். தபால் அலுவலகத்தில் இருந்தவர், பிழை வராது. இந்த முறை அறுபது ரூபாய் குறைந்ததற்குத் தன் பர்ஸிலிருந்தே போட்டுச் சரிக்கட்டிவிட்டார். ஆனால் ஆண்டு விழாவில் கேடயமும் பொன்னாடையும் மனிதவள மேலாளருக்குப் போயின. மேடையில் என் பெயரை யாரும் உச்சரிக்கக்கூட இல்லை. பொறுப்பை உதறிவிடலாமா? நிர்வாகத்திடம் நேரில் கேட்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் நிர்வாகம் செய்தது தவறு. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அலைந்தவர் ஒருவர், பொன்னாடை போர்த்திக்கொண்டவர் வேறொருவர் என்று மாதத்துக்கு இரண்டு கடிதமாவது எனக்கு வருகிறது. பள்ளி ஆண்டு விழா, கோயில் திருப்பணி, குடியிருப்போர் சங்கம் என்று இடம் மட்டும்தான் மாறும். ‘கவலைப்படாதீர்கள், மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்’ என்று எழுதி உங்களைத் தேற்றுவேன் என எதிர்பார்த்திருந்தால், மன்னியுங்கள். உங்கள் கடிதத்தில் என் கண் வேறோர் இடத்தில் நின்றுவிட்டது.

‘வீட்டில் சும்மா இருக்கும் மாமியார்.’

387 ரசீதுகளின் அடிக்கட்டையை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பது சும்மாவா? பத்து ரூபாய் நோட்டும் ஐந்து ரூபாய் நாணயமுமாக வந்து குவிந்ததை எண்ணிக் கட்டுவது சும்மாவா? பான் எண் என்பது பத்து எழுத்தும் எண்ணும் கலந்தது. அதில் ஒன்று பிசகினாலும், தொண்டு நிறுவனம் நன்கொடையாளர் விவரத்தை வருமான வரித் துறைக்கு அனுப்பும்போது, கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வரிச் சலுகை (80ஜி) கிடைப்பதில் சிக்கல் வரும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை, புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அறவே இல்லை என்பதையெல்லாம் நினைவில் வைத்துப் பிரித்தெழுதவும் ஒரு தலை வேண்டும். உங்கள் வசூலில் ஆறு ஆண்டுகளாக ஒரு புகாரும் எழவில்லை என்றால், அதற்குக் காரணம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்.

அந்த அறுபது ரூபாயைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். தபால் அலுவலகக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மாலையில் கணக்கை முடிக்கும்போது பணம் கூடினால் அது அரசாங்கத்துக்கு, குறைந்தால் கைக்காசு. குறைந்த பணத்தை வைக்காமல் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. அந்த அம்மாள் பணி ஓய்வு பெற்ற பிறகும், தனக்குச் சம்பளம் தராத ஒரு தொழிற்சாலையின் கணக்குக்காகத் தன் பர்ஸைத் திறந்திருக்கிறார். நீங்கள் அதை ‘சரிக்கட்டிவிட்டார்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். உங்கள் நிர்வாகம் உங்களை விட்டுவிட்டது பெரிய அநியாயம் என்றால் இதற்கு என்ன பெயர்?

சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். என் அப்பா தென்மாவட்ட ஊர் ஒன்றில் அரசு அலுவலகத் தலைமை எழுத்தர். டிசம்பர் 7 என்றால் எங்கள் வீட்டில் கொடி நாள். 1949-இல் தொடங்கிய வசூல் அது, படைவீரர் குடும்பங்களுக்காக. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்குமாகச் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று நிறத்தில் சின்னஞ்சிறு காகிதக் கொடிகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அப்பா பகலில் உண்டியலோடு மேசை மேசையாகப் போவார். முந்தின இரவில் அத்தனை கொடிகளிலும் குண்டூசி குத்தி வைத்தது அம்மா. எங்களைத் தொடவிட மாட்டாள், கையில் குத்திவிடும் என்று. ஒரு வருடம் இலக்கைத் தாண்டிய வசூலுக்காக அப்பாவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆணி அடித்ததும் அம்மாதான். இன்று அது என் அண்ணன் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அதில் இருப்பது அப்பாவின் பெயர் மட்டும்தான். போகும்போதெல்லாம் பார்க்கிறேன், எரிச்சலாகத்தான் இருக்கிறது. அப்பா நல்லவர். ஆனாலும் அவருக்கு அது தோன்றவே இல்லை.

உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் பெயர் சொல்லப்படாமல் கீழே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நீங்கள் இப்போது அனுபவித்துவிட்டீர்கள். வீட்டில் பெரியவர்கள் செய்வதெல்லாம் நமக்கு உரிமையாய் வரவேண்டியது, அலுவலகத்தில் நாம் செய்வதற்கு மட்டும் மேடை வேண்டும் என்ற கணக்கை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. மாமியாரிடம் நன்றி சொன்னால் குடும்பத்தில் அந்நியமாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சொல்லாமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த சாக்கு அது. (உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அவர் தாயார் சில்லறை எண்ணும்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள்.)

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ‘என்னோடு ஒன்பது பேர்.’ ஆறு ஆண்டுகள் உங்களோடு நடந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட உங்கள் கடிதத்தில் என்ன செய்தார் என்று இல்லை. இரவு ஷிப்டுக்கு உங்களோடு யார் வந்தார்? ஒப்பந்தத் தொழிலாளர்களிடம் யார் பேசினார்? மனிதவள மேலாளர் மேடையில் செய்ததை நீங்கள் கடிதத்தில் செய்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொறுப்பை உதறக் கூடாது. கோபத்தில் விட்டால், வசூலித்ததே கேடயத்துக்காகத்தான் என்று பேசுவார்கள். அடுத்த வசூலையும் நீங்களே நடத்துங்கள். கூடவே ஒன்பது பேரில் ஒருவரைப் பழக்கி, அதற்கடுத்த ஆண்டு அவரிடம் ஒப்படையுங்கள். ஓர் இயக்கத்தை ஒரே ஆள் ஆறு ஆண்டு தூக்கிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் பெயர் வெளியே வர வழியே இல்லை.

நிர்வாகத்திடம் கேளுங்கள். வாயால் வேண்டாம், எழுத்தில். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஒன்பது பேரின் பெயர், ஒவ்வொருவரும் செய்த வேலை, செலவிட்ட மாலை நேரங்கள், கடைசியில் உங்கள் பெயர். கேட்க வேண்டியது பொன்னாடை இல்லை. அது அலமாரியில் மடிந்து கிடக்கும், அடுத்த கல்யாணத்தில் யாருக்காவது போர்த்தப்படும். ஒவ்வொருவர் பணிப்பதிவேட்டிலும் ஒரு பாராட்டுக் கடிதம் சேர வேண்டும் என்று கேளுங்கள். வசூல் வாரத்தில் தினமும் ஒரு மணி நேரம் வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகும் நின்றதை நிர்வாகம் உணர அதுதான் வழி. பணம் போய்ச் சேர்ந்த ஊத்தங்கரைக்கு அந்தப் பத்துப் பேரையும் ஒரு நாள் வண்டி வைத்து அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் அது. கொடுத்த பணம் அங்கே என்னவாயிற்று என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் அடுத்த ஆண்டு கூப்பிடாமலே வருவார். இன்னொரு வரியும் சேருங்கள்: ஊழியர்கள் கைக்காசில் கொடுத்ததை விழாப் பதாகையில் ‘ஊழியர்கள் கொடுத்தது’ என்றே எழுத வேண்டும். கம்பெனிச் சட்டப்படி நிறுவனம் தன் லாபத்திலிருந்து இரண்டு சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிடுவது வேறு கணக்கு. அதில் இதைக் கலக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் கேட்டுவிடாதீர்கள்: அதிகம் வசூலித்தவருக்குப் பரிசு என்று. தொகையைப் பார்த்துக் கேடயம் கொடுக்கத் தொடங்கினால் தொண்டர் வட்டிக்கடை வசூல்காரராகிவிடுவார். உங்கள் ஆலையில் தராத 33 பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் என்ன கஷ்டமோ. அவர்களை விரட்டாமல் விட்டதுதான் உங்கள் வசூலில் எனக்குப் பிடித்தது. 2018 வெள்ளத்தின்போது கேரள அரசு தன் ஊழியர்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டது. தர விரும்பாதவர் அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. கையேந்துகிறவர் கையை முறுக்கக் கூடாது.

நிர்வாகத்திடம் போகும் முன் ஒன்றைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஊழியர்கள் கொடுத்த ரொக்கத்தையும் 387 பேரின் பான் எண்களையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? இது தெரியவந்தால் கேடயத்துக்குப் பதில் விளக்கம் கேட்டுக் கடிதம்தான் வரும். பஸ்ஸில் பை தொலைந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இனிமேல் பணத்தை ஆலையிலேயே, இரண்டு பேர் எதிரில், அன்றன்றே எண்ணிக் கையெழுத்துப் போட்டு வங்கியில் கட்டுங்கள். எண்ணும் நாளில் உங்கள் மாமியாரை முறைப்படி கடிதம் கொடுத்துக் கணக்குப் பார்க்க அழையுங்கள். நுழைவாயிலில் அவர் பெயருக்கு அனுமதிச் சீட்டு இருக்கட்டும். அவருக்கு ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பத்தரை மணிக்கு ஒரு காபி. கணக்கு முடிந்த தாளின் கீழே ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் அவர் கையெழுத்து. ஆறு ஆண்டு ஒளித்துவைத்த பெயர் அப்படித்தான் வெளியே வரும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ரசீதுப் புத்தகத்தில் மிச்சத் தாள்கள் இருக்குமே, இன்றிரவு அதை எடுங்கள். எண் 388. பெயர் என்ற இடத்தில் மாமியாரின் முழுப்பெயரை எழுதுங்கள். ‘அம்மா’ என்றோ ‘மாமியார்’ என்றோ எழுத வேண்டாம். தொகை: அறுபது ரூபாய். கிழித்து அவர் கையில் கொடுங்கள்.

அவர் வாங்கிப் பார்த்துவிட்டு என்ன சொல்வார் என்று இப்போதே எனக்குத் தெரியும். “இப்படி எழுதினால் கணக்கு அறுபது ரூபாய் இடிக்குமே, நான் போட்டது குறைந்ததற்கு அல்லவா” என்பார். தபால் அலுவலகத்தில் இருந்தவர், விட மாட்டார். ஆமாம், இடிக்கும். இந்த முறை அறுபது ரூபாயை உங்கள் பர்ஸிலிருந்து எடுத்துப் போடுங்கள்.